ஓ நெகட்டிவ் குழந்தைவேலு

காரைக்குடிக்கும் சிங்கம்புணரிக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்தில் குழந்தைவேலு நடத்துநர். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி உடம்பு, காதுக்குக் கீழே இறங்கிய கிருதா, வாயில் விசில். அந்த வழித்தடத்தில் இருக்கும் மருத்துவமனைகளில் அவரது கைபேசி எண்ணைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டுமென்றால் முதல் அழைப்பு அவருக்குத்தான்.

அழைப்பு வந்தால் வண்டி நிற்கும். தோல்பையை ஓட்டுநர் மரியப்பனின் மடியில் போட்டுவிட்டு இறங்கிவிடுவார். ஒரு நடை நடத்துநர் இல்லாமலேயே பேருந்து போய்த் திரும்பும். "டிக்கெட் எடுக்காதவுக எல்லாம் நம்ம வேலு ரத்தத்துக்குப் பதில் சொல்லணும்" என்று மரியப்பன் கண்ணாடியைப் பார்த்துச் சத்தம் போடுவார். சீட்டு எடுக்காமல் ஒருவரும் இறங்க மாட்டார்கள்.

எத்தனை முறை கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. யாருக்கு என்று கேட்டாலும் தெரியாது. கொடுத்த கையை மடக்கிக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடிக்க ஓடுகிறவருக்கு முகங்களைப் பார்க்க நேரம் ஏது? போன முறை கொடுத்து மூன்று மாதம் ஆகவில்லையென்றால் மட்டும் வர இயலாது என்பார். அதையும் மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொல்வார்.

அகல்யாவை அவருக்குப் பயணியாகத்தான் பழக்கம். திருப்பத்தூரில் ஏறி காரைக்குடியில் இறங்கும் ஆராய்ச்சி மாணவி. சில நாட்களில் மதுரையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வந்து இந்த வண்டிக்கு மாறுவாள்.

"என்னத்தா, ஐஸ் யாவாரமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ரத்தம்ண்ணே. கேன்சர் நோயாளிகளோடது."

குழந்தைவேலு உடனே பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஆளை எழுப்பி நிற்க வைத்துவிட்டுப் பெட்டியை அங்கே உட்கார வைத்தார். பிறகு கேள்விகள். அவருக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. அகல்யாவும் சளைக்காமல் சொன்னாள். புற்றுநோய்க் கட்டியிலிருந்து சில செல்கள் பிய்ந்து ரத்தத்தில் கலக்கும். ஒரு சொட்டில் கோடிக்கணக்கான அணுக்கள் ஓடுகிற இடத்தில், ஒரு குழாய் ரத்தம் முழுக்கத் தேடினாலும் அவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க ஒரு சில்லு செய்கிறாள். பிஸ்கட் அளவுள்ள கண்ணாடித் துண்டு, அதன்மேல் ரப்பர் போன்ற ஒரு படலம். படலத்துக்குள் முடியளவு மெல்லிய கால்வாய் கொசுவத்திச் சுருள்போலச் சுற்றிச் சுற்றிப் போகும். ரத்தத்தை அதற்குள் வேகமாகத் தள்ளினால் பெரிய செல் ஒரு பக்கமும் சிறிய செல் மறுபக்கமும் ஒதுங்கிவிடும்.

பிள்ளையார்பட்டி விலக்கில் வண்டி திரும்பியது. நின்றவர்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தார்கள்.

"இந்தா, இது மாதிரிதானே? பெருத்த ஆளெல்லாம் வளைவுக்கு வெளிப்பக்கமாச் சாயுவான்."

"இல்லண்ணே. எங்க சில்லுல பெருசு உள்பக்கச் சுவரை ஒட்டிப் போகும், சிறுசு வெளிப்பக்கம் போயிரும். கடைசியில ரெண்டு வாசல்."

"அப்ப உள்பக்க வாசல்ல இறங்குறவன் களவாணி."

"எல்லாரும் களவாணி இல்ல. பெரிய வெள்ளையணுவும் சிலது கூட வந்துரும். இறக்கிவிட்டுச் சாயம் போட்டுப் பாக்கணும். சாயத்துல பச்சையா மின்னுனா சந்தேகம்."

சில்லு சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, நோய் இல்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமாம். அதுவும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கேன்சர் ஆராய்ச்சி என்றதும் ஒருவரும் கையை நீட்ட மறுக்கிறார்கள் என்றாள். "கேட்டாலே ஒட்டிக்கிரும்னு நினைக்கிறாகண்ணே."

"நான் வாரேன்," என்றார் குழந்தைவேலு. அந்த வாரமே காரைக்குடியில் அவளது ஆய்வகத்துக்குப் போய், கையெழுத்துப் போட்டு, ரத்தம் கொடுத்துவிட்டு, மதிய வண்டிக்கு ஓடி வந்துவிட்டார்.

பத்து நாள் போயிருக்கும். கிருத்திகை. குன்றக்குடியில் மலையிலிருந்து இறங்கிய கூட்டம் மொத்தமும் வண்டிக்குள் ஏறியது போலிருந்தது. விபூதி வாசனைக்கும் வாழைப்பழச் சீப்புகளுக்கும் நடுவில் கைபேசி அடித்தது. ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் சகாயராணி.

"அண்ணே, இன்னொரு தடவை வந்து ரத்தம் குடுத்துட்டுப் போறீகளா?"

"எதுக்கு? போன தடவை எடுத்தது என்னாச்சு?"

"சும்மாதான்ணே. மூணு பேர்கிட்ட மறுபடி எடுக்கச் சொன்னா அகல்யா."

"எதுக்கு மூணு பேரு? யாரு யாரு?"

நடத்துநரிடம் பொய் சொல்லித் தப்பிப்பது கடினம். குன்றக்குடியில் ஏறிவிட்டுப் பிள்ளையார்பட்டியில் ஏறினேன் என்கிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவர். மறுமுனையில் இருந்த தயக்கம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"மத்த ரெண்டு பேரு கணக்குக்குத்தானே? விஷயம் என்னோட ரத்தத்துலதான். சொல்லு ராணி."

"அண்ணே... நான் சொல்லக் கூடாது. உங்க ரத்தத்துல என்னமோ பச்சையாத் தெரியுதாம்."

அவர் போனை வைத்துவிட்டார். விசில் வாயில் இருந்தது, ஊதவில்லை. பிள்ளையார்பட்டியில் இறங்க வேண்டியவர்கள் படியைத் தட்டினார்கள். மரியப்பன் திரும்பிப் பார்த்தார். "என்ன வேலு, தூங்கிட்டியா? விசிலடி மாப்ள!"

அவர் மனம் முதலில் தன் உடம்பைப் பற்றி நினைக்கவில்லை. வண்டியைப் பார்த்தது. மூன்றாவது இருக்கையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவள் மடியில் தம்பி. பின்படியில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி. இந்த வழித்தடத்தில் எத்தனை பேருக்குள் தன் ரத்தம் ஓடுகிறது? முகங்களைப் பார்த்து வைத்திருந்தால் யாரென்றாவது தெரிந்திருக்கும். இப்போது ஏறுகிற ஒவ்வொருவரும் தன் ரத்தத்தை வாங்கியவராக இருக்கலாம் என்று பட்டது. சீட்டைக் கிழித்துத் தப்பானவரிடம் நீட்டினார். சிங்கம்புணரி கேட்டவருக்குத் திருப்பத்தூர் கொடுத்தார்.

திருப்பத்தூருக்குள் நுழையும்போது மறுபடி போன். ரத்த வங்கி உதவியாளர் ரவிக்குமார்.

"அண்ணே, எங்குட்டு இருக்கீக? அவசரக் கேசு. பிரசவம், ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ். வாரீகளா?"

மருத்துவமனை பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். போன முறை கொடுத்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆய்வகத்தில் எடுத்ததோ சின்னக் குழாய்களில் கொஞ்சம். எந்தத் தடையும் இல்லை.

"முடியாது ரவி."

"என்னண்ணே?"

"முடியாதுன்னு சொன்னேன். வேற ஆளைப் பாரு."

"விளையாடாதீக. வண்டி இங்குட்டுத்தான வருது? ஹாரன் சத்தம் கேக்குது எனக்கு."

காரணம் வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. இன்று ரவிக்குமார், நாளை மருத்துவமனை, மறுநாள் வழித்தடம் முழுக்க. தன் ரத்தத்தை ஏற்றிக்கொண்ட ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியில் அதுதான் பேச்சாக இருக்கும். அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

ரவிக்குமார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏதும் எதிர்பாக்குறீகளாண்ணே? இருந்தாச் சொல்லுங்க, அவுக வீட்டுல பேசுறேன்."

குழந்தைவேலு இணைப்பைத் துண்டித்தார். சிங்கம்புணரி போய்த் திரும்பி காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்குள் வண்டி நின்றதும், மதிய இடைவேளையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் ஆட்டோ பிடித்து நேராக ஆய்வகத்துக்குப் போனார்.

அகல்யா நுண்ணோக்கி முன்னால் இருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்தாள். அறையின் மறுபக்கம் சகாயராணி கையுறையோடு நின்றிருந்தவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். யார் சொன்னது என்று அகல்யாவுக்கு விளங்கிவிட்டது.

"எனக்கு வந்துருச்சா, வரலையா? ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"அண்ணே, இது வைத்தியப் பரிசோதனை இல்ல. சில்லைத்தான் நாங்க சோதிக்கிறோம், உங்களை இல்ல. தனியாளுக்கு முடிவு சொல்ல எங்களுக்கு அனுமதியும் இல்ல."

"அதான் ராணி சொல்லிருச்சே. பச்சை."

அகல்யா உட்கார்ந்தாள். அவளுக்கும் மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. பச்சையாக மின்னியவை ஒன்றிரண்டு இல்லை, கொத்தாக இருந்தன. சில்லு கெட்டுப்போயிருக்க வேண்டும், அல்லது இந்த மனிதர் கெட்டுப்போயிருக்க வேண்டும். எது என்று தெரியாமல் சில்லையே மாற்றி மாற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல இதுக்குப் பதில் சொல்லு," என்றார் குழந்தைவேலு. "நான் ரத்தம் குடுத்தவுகளுக்கெல்லாம் என்ன ஆகும்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "ஒண்ணும் ஆகாதுண்ணே. அடுத்தவர் செல் உள்ள போனா உடம்பு அதை அழிச்சிரும். வெளிநாட்டுல பெரிய அளவுல ஆராய்ஞ்சு பாத்திருக்காக. கேன்சர் இருக்குன்னு தெரியாம ரத்தம் குடுத்தவங்ககிட்ட இருந்து, வாங்குனவங்களுக்குப் பரவுனதா தெரியல."

"நிசமாவா?"

"நிசமா."

அவர் முதல்முறையாக நாற்காலியைப் பார்த்தார். ஆனால் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அகல்யா சகாயராணியிடம் திரும்பினாள்.

"அக்கா, அண்ணனுக்கு அன்னைக்கு எப்படி எடுத்தீக? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"எல்லாருக்கும் எடுக்குற மாதிரிதான். கட்டு போட்டேன், துடைச்சேன், ஊசி ஏத்துனேன். முத டியூப்பு, ரெண்டாவது, மூணாவது."

"முத டியூப்பைக் குப்பையில போட்டீகளா?"

சகாயராணி கையுறையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அதை நான்தான் போடக் கூடாதுன்னேன்," என்றார் குழந்தைவேலு. "அதுக்கென்ன இப்ப?"

நடந்தது இதுதான். ஊசி தோலைக் குத்தி உள்ளே போகும்போது கொஞ்சம் தோலையும் சுரண்டிக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத அளவு. முதலில் வருகிற ரத்தம் அந்தத் தோல் செல்களை அடித்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் இந்த மாதிரிச் சோதனைக்கு முதல் குழாயைத் தூக்கி எறிய வேண்டும் என்று விதி. தோல் செல்லுக்கும், கட்டியிலிருந்து வந்த செல்லுக்கும் அந்தச் சாயத்தில் ஒரே பச்சைதான்.

அன்று சகாயராணி நிரம்பிய முதல் குழாயைச் சிவப்புக் கூடையின் பக்கம் கொண்டுபோனபோது குழந்தைவேலு கையில் குத்தியிருந்த ஊசியோடு பாதி எழுந்துவிட்டார். "ஏய், ஏய்! என்ன செய்ற? ஒரு பாட்டிலுக்கு ஊரே அலையுது, நீ குப்பையில கொட்டுற?" விதி இது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "என்ன விதி? வேணாம்னா எதுக்கு எடுத்த?" என்று அவர் மல்லுக்கு நின்றார். அவள் அந்தக் குழாயிலும் எண் ஒட்டி மற்ற இரண்டோடு சேர்த்து வைத்துவிட்டாள். அகல்யா மூன்றையும் ஒன்றாகக் கலந்து சில்லில் ஓட்டினாள்.

"அக்கா! மாசக்கணக்கா நான் உசுரைக் குடுத்துச் செஞ்ச வேலை. யாரு என்ன சொன்னாலும் விதி விதிதானே?"

"தெரியும். தப்புதான்," என்றாள் சகாயராணி. "எங்க தங்கச்சி சாகக் கிடந்தப்ப இவுகதான் வந்து குடுத்தாக. இவுகளுக்கு ஞாபகம் இல்ல, நான் வாசல்லதான் நின்னேன். உனக்கு அது சாம்பிள். எனக்கு இந்த மனுசனோட ரத்தம். கூடையில போடக் கை வரல அகல்யா."

சில்லுக்குள் ரத்தத்தைத் தள்ளும் பம்பு மெல்ல இரைந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் குழந்தைவேலு.

"அப்படி நான் சொல்லலண்ணே. தோலா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மறுபடி எடுத்துப் பாக்கணும்."

மறு கையில் எடுத்தார்கள். முதல் குழாய் நிரம்பியது. சகாயராணி அதைக் கூடைக்குள் போட்டபோது அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார். முடிவு தெரிய மறுநாள் ஆகும். செல்களைப் பிரித்து, சாயம் ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். "போன் பண்றேண்ணே," என்றாள் அகல்யா.

மாலை நடையில் திருப்பத்தூர் வந்ததும் அவரால் வண்டியில் இருக்க முடியவில்லை. "பத்து நிமிசம் மச்சான்," என்று மரியப்பனிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினார். ரத்த வங்கி வாசலில் ரவிக்குமார் இவரைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலக் கதவைத் துடைத்தார்.

"அந்தப் பொண்ணு?"

"பொழைச்சிருச்சு. ஆளு கிடைச்சுது." ரவிக்குமார் துணியை உதறினார். "காசு கேக்காத ஆளு."

ரவிக்குமாருக்குப் பின்னால் பெஞ்சில் ஓர் இளம்பெண் பழச்சாறு டப்பாவை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அவள் வேலை பார்க்கும் கூட்டுறவு வங்கியின் அடையாள அட்டை. கீர்த்தி என்று போட்டிருந்தது. முழங்கையில் பஞ்சு. கொடுத்த ஆள் இவள்தான் என்று கேட்காமலே தெரிந்தது. அவளுக்கு இதுதான் முதல் தடவையாம். கொடுத்து முடித்ததும் தலைசுற்றி, மதியத்திலிருந்து இங்கேயே படுத்திருந்து இப்போதுதான் எழுந்தாளாம்.

அவருக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இந்த வழித்தடத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார். ஒரு தடவை முடியாது என்றதும் உலகம் வேறு கதவைத் தட்டியிருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது.

"எங்குட்டுத்தா போகணும்?"

"காரைக்குடி."

"வா. என் வண்டிதான்." முன் இருக்கையில் இருந்த இரண்டு பேரை எழுப்பி அவளுக்கு இடம் போட்டார். ஜன்னலைத் திறந்துவிட்டார். குன்றக்குடி வரும்வரை நாலுமுறை வந்து முகத்தைப் பார்த்தார். "தலை சுத்துதா? சுத்துனாச் சொல்லு. கூச்சப்படாத. கையத் தொங்கப் போடாத." பின்னால் ஒரு கிழவர், "கண்டக்டர், எனக்கும்தான் தலை சுத்துது, எனக்கு யாரு சீட்டுப் போடுவா?" என்றார். வண்டி சிரித்தது.

வீட்டில் மனைவி நாகவல்லி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஊர்ல யாருக்கும் ரத்தம் வேணாமாக்கும் இன்னைக்கு? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

மறைக்கத் தெரியாமல் முழுவதையும் சொன்னார். அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது. "அந்தப் புள்ளை நாளைக்கு இல்லன்னு சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். டாக்டர்கிட்டப் போயி உடம்பு முழுக்கப் பாத்துட்டு வரணும். ஊருக்கெல்லாம் பாட்டில் பாட்டிலாக் குடுக்குறவுக தன் உடம்பை ஒரு தடவை பாத்திருக்கீகளா?" பிறகு சோற்றில் ரசத்தை ஊற்றினாள். "சாப்பிடுங்க. நாளைக்கும் வண்டி ஓடணுமில்ல."

மறுநாள் காலை அகல்யா வண்டியில் ஏறவில்லை. விடிந்தும் ஆய்வகத்திலேயே இருந்திருக்கிறாள். மதியம் கும்பலுக்கு நடுவில் போன் வந்தது. அவர் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, அந்தப் பச்சை இல்ல."

"என்ன? சத்தமாச் சொல்லு."

"ஒண்ணுகூட இல்ல! ஆனா இதை வச்சு உங்களுக்கு நோயே இல்லன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. நான் ரத்தம் குடுக்கலாமா?"

"அதை ரத்த வங்கி டாக்டர்தான் சொல்லணும்."

நாகவல்லி விடவில்லை. காரைக்குடியில் ஒரு மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்தார்கள், வயிற்றை அழுத்தினார்கள், கழுத்தைத் தடவினார்கள். சந்தேகப்பட எதுவுமில்லை என்றார் மருத்துவர். வெற்றிலையை மட்டும் விடச் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம் திருப்பத்தூரிலிருந்து போன் வந்தது. விபத்துக் கேசு. ரவிக்குமார் குரலில் தயக்கம். "கீர்த்தி குடுத்து இன்னும் மூணு மாசம் ஆகல. அதான் உங்களுக்கு..."

"வாரேன். ஆனா மொதல்ல நீ ஒண்ணு கேட்டுக்க. அன்னைக்கு நான் காசுக்காக நிக்கல. கேன்சர் இருக்குமோன்னு பயந்துட்டேன்டா."

"அண்ணே... அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா நீ யாருகிட்டயும் சொல்லாம இருந்திருப்பியா?"

"வாங்கண்ணே," என்றார் ரவிக்குமார்.

ரத்த வங்கி மருத்துவரிடம் குழந்தைவேலு எதையும் விடாமல் சொன்னார். சில்லு, பச்சை, முதல் குழாய், நாகவல்லி இழுத்துக்கொண்டு போனது எல்லாம். பையிலிருந்த படங்களையும் ரிப்போர்ட்டையும் மேசையில் பரப்பினார். அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார்.

"ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கு. இப்படியே எடுக்க முடியாது. ஓடி வந்தீங்களா?"

"வண்டி நிக்குதுங்க."

"நிக்கட்டும். அப்படி உட்காருங்க. பத்து நிமிஷம் பேசாம இருங்க. குறைஞ்சா எடுக்கிறேன், குறையலைன்னா வேற ஆளைத் தேடணும்."

வெளியே மரியப்பன் ஹாரன் அடித்தார். குழந்தைவேலு பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் அழுத்திக்கொண்டார். கால் தானாக ஆடியது, நிறுத்தினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தலையில் கட்டோடு ஒருவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் ஒரு பையைப் பிடித்தபடி ஓடிய பெண்ணின் முகத்தை அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார். ஹாரன் மறுபடி கேட்டது. அவர் அசையவில்லை.

மருத்துவர் திரும்பி வந்து மறுபடி பட்டையைக் கட்டினார். காற்று மெல்ல இறங்கியது. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"சரி. கையை நீட்டுங்க."